நியூயார்க்கின் பழைய ஸ்டேக்ஹவுஸில் முதன்முறை சாப்பிடப் போகிறவர்களுக்கு

நியூயார்க்குக்கு வேலைக்கு வந்த நான்காம் மாதம், ஊரிலிருந்து வந்திருந்த மாமாவையும் அத்தையையும் மன்ஹாட்டனில் பல தலைமுறைகளாக நடந்துவரும் ஒரு ஸ்டேக்ஹவுஸுக்கு (பெருந்தீயில் சுட்ட இறைச்சித் துண்டான ஸ்டேக்கை முதன்மையாகப் பரிமாறும் உணவகம்) அழைத்துச் சென்றேன். அத்தை மாட்டிறைச்சி தொடமாட்டார் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. இருபது நிமிடம் தாமதமாகப் போனதால் முன்பதிவு செய்த மேசை கைமாறியிருந்தது. ஒரு மணிநேரம் நின்றபடி காத்திருந்தோம். ஆளுக்கொரு தட்டு என்ற நம் ஊர்க் கணக்கில் சொன்னதில் பாதிக்கு மேல் மீந்தது. அத்தை சாலட் மட்டும் சாப்பிட்டார். அதில் தூவியிருந்தவை பன்றி இறைச்சித் துணுக்குகள் என்பது பாதி தட்டு காலியான பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பில்லோ நான் மனத்தில் போட்டு வைத்திருந்த தொகையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதன் பிறகு பல முறை இத்தகைய உணவகங்களுக்குப் போய், கேட்டும் கவனித்தும் தெரிந்துகொண்டவற்றைக் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன். இந்த உணவகங்களின் உணவுப் பட்டியல் சுருக்கமானது, விளக்கம் எதுவும் இராது; வருகிறவருக்கு எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பரிமாறுபவரும் பேசுவார். ஆகவே முக்கியமான முடிவுகளை வீட்டை விட்டுக் கிளம்புமுன்பே எடுத்துவிட வேண்டும்.

1. யார் எதை உண்பார் என்று முதலில் கேளுங்கள்

ஸ்டேக் என்று மட்டும் பட்டியலில் இருந்தால் அது மாட்டிறைச்சிதான். நம்மவர்களில் அதை விரும்பி உண்பவர்களும் உண்டு, அறவே தொடாதவர்களும் உண்டு. மேசையில் எல்லோர் முன்னிலையிலும் இதைக் கேட்டால், விருந்தாளி கூச்சத்தில் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார். இரண்டு நாள் முன்பே தனியாகக் கேட்டுவிடுங்கள்.

மாட்டிறைச்சி உண்ணாதவர் உடன் வருகிறார் என்றால், மன்ஹாட்டன் 36ஆம் தெருவில் 1885 முதல் நடந்துவரும் கீன்ஸ் பொருத்தமான இடம். அங்கு பெயர்பெற்ற உணவே மட்டன் சாப் என்னும் ஆட்டிறைச்சித் துண்டுதான். நம் ஊரில் மட்டன் என்றால் பெரும்பாலும் வெள்ளாடு. அமெரிக்காவில் அந்தச் சொல் செம்மறியைக் குறிக்கும். எலும்போடு கூடிய கனமான துண்டு அது. மிதமாக உண்ணும் இருவருக்கு ஒன்றே போதும். புரூக்ளினில் உள்ள பீட்டர் லூகரிலும் ஆட்டிறைச்சியும் மீனும் கிடைக்கும்.

சைவ உணவுக்காரருக்கு உருளைக்கிழங்கு, கீரை, காளான், தக்காளி ஆகிய தொடுகறிகள்தான் மிஞ்சும். அவற்றிலும் மறைந்திருக்கும் பொருள்களைக் கேட்டறிய வேண்டும். வெட்ஜ் சாலட்டில், அதாவது ஆப்பு வடிவில் வெட்டிய லெட்யூஸ் இலைக்கோசில், பன்றி இறைச்சித் துணுக்குகள் இருக்கும். சீசர் சாலட்டின் கலவையில் நெத்திலி போன்ற சிறுமீன் அரைத்துச் சேர்ப்பது வழக்கம். வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில் செய்யப்படுவது. சில சமையலறைகளில் உருளைக்கிழங்கை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். எல்லா இறைச்சியும் ஒரே அடுப்பில் சுடப்படுவதும் உண்டு என்பதால், மாட்டிறைச்சி பட்ட பாத்திரமே கூடாது என்பவரை இங்கு அழைத்து வராமலிருப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று கருதுகிறேன். ஹலால் இறைச்சி வேண்டுவோர் முன்பதிவுக்கு முன்னரே தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இத்தகைய உணவகங்களில் அது கிடைக்கும் என்று எண்ணிப் போக முடியாது.

2. உணவகத்தைத் தேர்ந்தெடுத்தல்

முதன்முறை போகிறவருக்கு நான் மூன்று இடங்களைச் சொல்வேன். புரூக்ளின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில் 178 பிராட்வே என்ற முகவரியில் பீட்டர் லூகர்; மரத்தரை, துணி விரிக்காத மேசை, சுருக்கமான பேச்சு, பலர் பகிர்ந்து உண்ணும் போர்ட்டர்ஹவுஸ் என்னும் பெரிய ஸ்டேக் துண்டு. 72 மேற்கு 36ஆம் தெருவில் கீன்ஸ். கூரை முழுவதும் பழைய களிமண் புகைக்குழாய்கள் அடுக்கித் தொங்கும், அமைதியான அறைகள் உண்டு, பெரியவர்களை அழைத்துச் செல்ல ஏற்றது. 228 மேற்கு 52ஆம் தெருவில் காலகர்ஸ். பதப்படுத்தி அடுக்கிய இறைச்சியைத் தெருவிலிருந்தே கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், நாடக அரங்குகளுக்கு அருகில் இருப்பதால் காட்சிக்கு முன் சாப்பிட வசதி.

செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. பீட்டர் லூகரில் பிற்பகல் 3.45 வரை மட்டும் பர்கர் தருவார்கள். அதே தரமான இறைச்சியை மிகக் குறைந்த செலவில் சுவைத்துப் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. கீன்ஸின் பார் பகுதியில் பெரிய அறையைவிட எளிய பட்டியல் ஒன்று உண்டு.

3. முன்பதிவு

வெள்ளி, சனி மாலைகளில் 7 மணி அளவில் மேசை வேண்டுமென்றால் சில வாரங்களுக்கு முன்பே பதிவு செய்வது நல்லது. வார நாள் மதியமும், மாலை 5 மணிக்கு முன்னதான நேரமும் எளிதில் கிடைக்கும். இணையத்தில் மேசை இல்லையென்று காட்டினாலும் தொலைபேசியில் அழைத்துப் பாருங்கள். பழைய உணவகங்களில் இன்னமும் அது பலன் தருகிறது.

நாளைக் குறிக்கும்போது, அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள். 03/04 என்பது மார்ச் 4. ஏப்ரல் 3 அல்ல. சில இடங்களில் அட்டை எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, சொல்லாமல் வராமலிருந்தால் தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள். எத்தனை மணிநேரத்துக்கு முன்பு வரை கட்டணமின்றி ரத்து செய்யலாம் என்பது உறுதிச் செய்தியின் கீழ்ப்பகுதியில் சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் அட்டை எண்ணைத் தராதீர்கள்.

இன்னொரு வழக்கம் நமக்குப் புதியது. நான்கு பேருக்குப் பதிவு செய்துவிட்டு இருவர் மட்டும் முதலில் போய் நின்றால் பல இடங்களில் மேசை தரமாட்டார்கள். எல்லோரும் வந்த பிறகுதான் அமர வைப்பார்கள். பதினைந்து நிமிடம் தாண்டினால் மேசை வேறொருவருக்குப் போய்விடலாம். வாசலில் சந்திக்கும் நேரமாகப் பதிவு நேரத்துக்கு இருபது நிமிடம் முந்தைய நேரத்தைச் சொல்லி வையுங்கள்.

4. பணமும் ஆவணங்களும்

பீட்டர் லூகரின் புரூக்ளின் கடையில் கிரெடிட் கார்டு ஏற்கப்படாது. ரொக்கம், அமெரிக்க வங்கியின் டெபிட் கார்டு, அடையாள அட்டையுடன் கூடிய அமெரிக்கக் காசோலை ஆகியவை செல்லும். இந்திய வங்கியின் டெபிட் கார்டை நம்பிப் போகாதீர்கள். அண்மையில் வந்து இன்னும் வங்கிக் கணக்கு தொடங்காதவர்களுக்கு ரொக்கம் ஒன்றே வழி. ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு எடுக்கக்கூடிய தொகைக்கு வரம்பு உண்டு, வெளிநாட்டு அட்டைக்குக் கட்டணமும் உண்டு. ஆகவே இரண்டு மூன்று நாள் முன்னதாகவே பணத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரு உணவகங்களிலும் கிரெடிட் கார்டு செல்லும்.

மது அருந்த நினைப்பவர் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். தோற்றத்தில் இளையவர் என்றால் சான்று கேட்பார்கள். இந்திய ஓட்டுநர் உரிமத்தை ஏற்காத இடங்கள் உண்டு. கடவுச்சீட்டின் நகல் அல்லது கைபேசிப் படம் போதாது, மூலப் புத்தகமே வேண்டும். நியூயார்க் அல்லது நியூஜெர்சி மாநில அடையாள அட்டை பெற்றவர்களுக்கு அதுவே போதும்.

இப்போது செலவைப் பார்ப்போம். மதுவின்றி நான்கு பேர் சாப்பிட்டு உணவின் விலை மட்டும் 400 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நியூயார்க் நகரில் உணவக விற்பனை வரி 8.875 விழுக்காடு, அது 35.50 டாலர். இருபது விழுக்காடு டிப் 80 டாலர். ஆக, கொடுக்க வேண்டியது 515.50 டாலர். பட்டியலில் காணும் விலைமேல் ஏறத்தாழ முப்பது விழுக்காட்டைக் கூட்டிக்கொண்டே எதையும் முடிவு செய்யுங்கள். ரொக்கம் கொண்டு போகிறவர்கள் அதற்கும் மேலாக நூறு டாலர் கையிருப்பு வைத்திருப்பது நிம்மதி.

5. வழியும் உடையும்

ஜெர்சி சிட்டியிலிருந்து, நியூஜெர்சியையும் மன்ஹாட்டனையும் இணைக்கும் பாத் ரயிலில் 33ஆம் தெரு நிலையத்தில் இறங்கினால் கீன்ஸ் சில நிமிட நடை. பீட்டர் லூகருக்கு நகரின் சப்வே ரயிலில் ஜே, எம், இசட் தடங்களில் மார்சி அவென்யூ நிலையத்தில் இறங்க வேண்டும். வார நாள்களில் 34ஆம் தெரு ஹெரால்ட் சதுக்கத்திலிருந்து எம் ரயில் நேராகப் போகும். வார இறுதியில் அது மன்ஹாட்டன் நடுப்பகுதிக்கு வராது. எஃப் ரயிலில் டிலான்சி தெரு வரை போய் மாற வேண்டும்.

வரைபடத்தில் தேடும்போது புரூக்ளின் என்ற பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பிராட்வே என்ற தெரு மன்ஹாட்டனிலும் இருக்கிறது. 178 பிராட்வே என்று மட்டும் எழுதி, ஆற்றுக்கு அக்கரையில் போய் நிற்பது எளிதில் நேரக்கூடிய தவறு.

கோட்டும் டையும் கட்டாயமில்லை. காலர் வைத்த சட்டை, முழுக்கால் சட்டை, மூடிய காலணி போதும். சேலையோ சல்வாரோ தாராளமாக அணியலாம்; சூடான தட்டிலிருந்து கொழுப்பு தெறிக்கும் என்பதால் விலையுயர்ந்த பட்டாடையை மட்டும் தவிர்க்கலாம். உடற்பயிற்சி உடையோடு போகாதீர்கள்.

6. துண்டைத் தேர்ந்தெடுத்தல்

அமர்ந்ததும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இங்கு இறைச்சி தனியாகவும் தொடுகறி தனியாகவும் விலையிடப்படும் என்பது. ஸ்டேக் விலையில் உருளைக்கிழங்கோ கீரையோ அடங்காது.

நான்கு துண்டுகளின் பெயர் தெரிந்தால் போதும். ஃபிலே என்பது முதுகெலும்பை ஒட்டிய, உழைக்காத தசை. மிக மென்மை, கொழுப்பு குறைவு, சுவையும் சற்று அடக்கம். ஸ்ட்ரிப் கொஞ்சம் கடிபடும், இறைச்சிச் சுவை கூடுதல். ரிப்ஐ விலாப் பகுதி, இடையிடையே கொழுப்பு ஓடியிருப்பதால் சாறு நிறைந்தது. போர்ட்டர்ஹவுஸ் என்பது ஆங்கில டி எழுத்து வடிவ எலும்பின் ஒரு பக்கம் ஃபிலேயும் மறுபக்கம் ஸ்ட்ரிப்பும் சேர்ந்த பெரிய துண்டு. முதன்முறை போகிறவர்கள் அதையே பகிர்ந்து உண்பது நல்லது. இரண்டு சுவைகளையும் ஒரே வேளையில் அறியலாம். பீட்டர் லூகரில் அது இருவருக்கு, மூவருக்கு, நால்வருக்கு என்ற அளவுகளில் வரும். சமையலறையிலேயே அரிந்து, சாய்த்து வைத்த கொதிக்கும் தட்டில், உருகிய வெண்ணெயோடு மேசைக்குக் கொண்டுவருவார்கள்.

இந்த அளவுகள் அமெரிக்கப் பசிக்கு வைத்தவை. நான்கு தமிழர்கள் போனால் மூவருக்கான துண்டும் இரண்டு அல்லது மூன்று தொடுகறியும் போதும். போதாவிட்டால் பிறகு எதையும் கேட்டு வாங்கலாம். எடை அவுன்ஸில் எழுதியிருக்கும்; ஓர் அவுன்ஸ் சுமார் 28 கிராம். எலும்போடு வரும் துண்டுக்குப் பச்சை எடையைத்தான் எலும்பும் சேர்த்துச் சொல்வார்கள். 32 அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 900 கிராம். எலும்பும் சுடும்போது வடியும் நீரும் போக, வாய்க்கு வருவது கணிசமாகக் குறையும்.

பட்டியலில் பிரைம் என்று இருந்தால், அமெரிக்க வேளாண் துறை வழங்கும் தரங்களில் பொதுக்கடைகளில் நாம் காணும் சாய்ஸ், செலக்ட் ஆகியவற்றுக்கு மேலானது என்று பொருள். டிரை ஏஜ்டு என்பது குளிர் அறையில், காற்றோட்டத்தில், மூன்று நான்கு வாரம் திறந்து வைத்துப் பதப்படுத்துவது. அதில் நீர் வற்றிச் சுவை செறிவாகும். காய்ந்த மேற்பரப்பைச் செதுக்கி எறிந்துவிடுவார்கள். விலை கூடுவதற்கு ஒரு காரணம் அந்த இழப்பு. மணம் சற்றுப் பழைய பாலாடைக்கட்டியை ஒத்திருக்கும். கெட்டுப்போன இறைச்சி என்று எண்ணிவிட வேண்டாம்.

7. வேக்காட்டைச் சொல்லும் முறை

நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. இறைச்சியைக் குழைய வேகவைத்தே பழகிய நாம், "நன்றாக வெந்திருக்க வேண்டும்" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்கிறோம். அங்கு வெல் டன் என்பது பாராட்டுச் சொல் அன்று. கடைசி நிலை வேக்காட்டின் பெயர். சாறு வற்றி, பழுப்பேறி, கடினமான துண்டு வந்து சேரும். குழம்பில் கொதிக்கும் கறி ஈரத்தில் நெடுநேரம் வெந்து மென்மையாகிறது. இங்கே உலர்ந்த பெருந்தீயில் சில நிமிடங்கள்தான். கூடுதலாக வேகவைத்தால் இறுகுமே தவிர இளகாது.

உள்வெப்ப நிலையைக் கொண்டு சொன்னால், ரேர் என்பது சுமார் 50 பாகை செல்சியஸ், நடு குளிர்ந்த சிவப்பு. மீடியம் ரேர் சுமார் 55 பாகை, வெதுவெதுப்பான சிவப்பு. மீடியம் 60 பாகையை ஒட்டியது, நடுவில் இளஞ்சிவப்பு. மீடியம் வெல் 65ஐ ஒட்டியது, சிவப்பின் சாயல் மட்டும். வெல் டன் 70க்கு மேல். உணவகங்கள் பரிந்துரைப்பது மீடியம் ரேர். முதன்முறை உண்பவருக்கு நான் சொல்வது மீடியம். தட்டில் வடியும் சிவந்த நீர் இரத்தம் அன்று. தசையில் உள்ள மயோகுளோபின் என்னும் புரதம் கலந்த சாறு. இதை உடன் வருகிறவர்களுக்கு முன்பே சொல்லிவிட்டால் தட்டு வந்ததும் முகம் சுளிக்கமாட்டார்கள். கருவுற்றவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும் முழுக்க வெந்ததையே உண்ண வேண்டும்.

பகிரும் துண்டு முழுவதும் ஒரே வேக்காட்டில்தான் வரும். நால்வரில் இருவர் சிவப்பாக விரும்பி மற்ற இருவர் மறுத்தால், நால்வருக்கான ஒரே துண்டைச் சொல்லாமல், இருவருக்கான துண்டுகள் இரண்டை வெவ்வேறு வேக்காட்டில் சொல்லுங்கள். சற்றே கூடுதல் வேக்காடு வேண்டுபவர், தட்டு கொதித்துக்கொண்டிருக்கும்போதே துண்டைத் தட்டின் ஓரத்தில் ஒற்றி எடுத்துக்கொள்ளலாம்; பரிமாறுபவரே அதைச் செய்தும் தருவார். ஐயம் இருந்தால் ஒரு நிலை குறைவாகவே சொல்லுங்கள். வேகாததைத் திருப்பி அனுப்பி வேகவைத்து வாங்கலாம், அதில் யாரும் தவறாக நினைப்பதில்லை; கூடுதலாக வெந்ததை மீட்க முடியாது.

8. தண்ணீர், தொடுகறி, வாயால் சொல்லும் சிறப்பு உணவு

அமர்ந்தவுடன் "ஸ்டில் அல்லது ஸ்பார்க்கிளிங்?" என்று கேட்பார்கள். இரண்டுமே விலைக்கு விற்கும் புட்டித் தண்ணீர். "டேப் வாட்டர்" என்று சொன்னால் குழாய்த் தண்ணீரை விலையின்றித் தருவார்கள்; நியூயார்க்கில் அது நல்ல குடிநீர்.

பரிமாறுபவர் வாயால் சொல்லும் அன்றைய சிறப்பு உணவுக்கு விலை சொல்லமாட்டார். கடல் உணவுக்கு நேரே சந்தை விலை என்று மட்டும் எழுதியிருக்கும். இரண்டுக்கும் விலையைக் கேளுங்கள். கேட்பது இங்கு இழுக்கு அன்று.

தொடுகறிகள் ஒவ்வொன்றும் இருவர் பகிரும் அளவில் வரும். பாலேடு சேர்த்த கீரை, வெங்காயத்தோடு வறுத்த உருளைக்கிழங்கு ஆகிய இரண்டுமே நம் நாவுக்கு எளிதில் பிடிக்கும். காரம் எதிலும் இராது. மிளகு கேட்டால் தருவார்கள். பீட்டர் லூகரின் புளிப்பும் இனிப்புமான சாஸ், தக்காளி, வெங்காய வில்லைகளோடு உண்பதற்கு. இறைச்சியின் மேல் ஊற்றுவதற்கு முன் வெறும் துண்டைச் சுவைத்துப் பாருங்கள்.

9. பில்லும் டிப்பும்

கேட்டால்தான் பில் வரும் இடங்கள் உண்டு. "செக்" என்று கேட்க வேண்டும். வந்ததும் மூன்றைப் பாருங்கள்: சொல்லாத உணவு ஏதும் ஏறியிருக்கிறதா, வரி எவ்வளவு, கிராச்சுவிட்டி (டிப்பின் மறுபெயர்) என்ற பெயரில் தொகை ஏதும் உள்ளதா. ஆறு அல்லது எட்டுப் பேருக்கு மேல் போனால் டிப்பை அவர்களே சேர்த்துவிடுவது வழக்கம். அதைக் கவனிக்காமல் இரண்டாம் முறை கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டிப் சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும், பரிமாறுபவரின் வருமானத்தில் பெரும்பகுதி அதுதான். 18 முதல் 20 விழுக்காடு, வரிக்கு முந்தைய தொகையின் மீது. வரித்தொகையை இரட்டித்தால் 17.75 விழுக்காடு வரும். அதன்மேல் சில டாலர் சேர்த்தால் கணக்கு முடிந்தது. அவர்கள் அச்சிட்டுத் தரும் பரிந்துரைத் தொகை சில இடங்களில் வரியையும் சேர்த்துக் கணக்கிட்டதாக இருக்கும். அட்டையில் கொடுத்தால் இரண்டு சீட்டுகள் வரும். கடைக்குரியதில் டிப்பையும் மொத்தத்தையும் நீங்களே எழுதிக் கையெழுத்திட வேண்டும். டிப்பை ரொக்கமாக வைத்தால் டிப்புக்கான இடத்தில் கோடு இழுத்துவிடுங்கள். பல அட்டைகளில் பிரித்துக் கொடுப்பதானால் பில் அடிக்கும் முன்பே சொல்லுங்கள்.

இருவர் சாப்பிட்டு முடிக்க ஒன்றரை முதல் இரண்டு மணிநேரம் ஆகும். நாடகத்துக்குப் போகிறவர்கள் அமர்ந்தவுடனே காட்சி நேரத்தைச் சொல்லிவிட வேண்டும். கனமான துண்டு சுட்டு, சற்று ஆறி, மேசைக்கு வர அரைமணிநேரம்கூட ஆகலாம்.

10. மீந்ததை எடுத்துச் செல்லுதல்

மீந்ததைக் கட்டித் தரச் சொல்வதில் கூச்சமே வேண்டாம். எலும்பையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்காவிட்டால் தட்டோடு போய்விடும். இரண்டு மணிநேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், மூன்று நான்கு நாளுக்குள் உண்டுவிட வேண்டும். குளிர்பெட்டி இல்லாத விடுதியில் தங்கியிருப்பவர்கள் எடுத்துச் செல்லாதீர்கள். மறுநாள் மைக்ரோவேவில் சூடாக்கினால் இறைச்சி தோல்போல் ஆகிவிடும். மெல்லியதாக அரிந்து, காய்ந்த இரும்புச் சட்டியில் அரை நிமிடம் புரட்டினால் போதும். எலும்பை மட்டும் சின்ன வெங்காயம், தட்டிய மிளகு, சீரகம், பூண்டு சேர்த்து இரண்டு மணிநேரம் சிறுதீயில் விடுங்கள். கறுத்த ஓரங்களின் புகைமணத்தோடு சாறு இறங்கும். உப்பைக் கடைசியில் போடுங்கள், இறைச்சியில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.